எம்டனைத் தெரியும், பெர்லினைத் தெரியாது

எதற்கும் அஞ்சாத கில்லாடியை 'எம்டன்' என்று சொல்வது நம் வழக்கு. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன ஜெர்மன் போர்க்கப்பல் அது. நூறாண்டு கடந்தும் அந்தச் சொல் திண்டுக்கல் வெங்காயப் பேட்டையிலும் வத்தலக்குண்டு பேருந்து நிலையத்திலும் உயிரோடு இருக்கிறது. ஜெர்மனி என்ற தேசத்தைப் பற்றித் தமிழ் அறிவுலகம் வரலாற்றுரீதியாக அறிந்தது ஏறத்தாழ இந்தச் சொல்லின் அளவுதான் என்பது எங்கள் குற்றச்சாட்டு. இது யாரையும் சீண்டிப் பார்ப்பதற்காகச் சொல்வதன்று. இந்த அறியாமைக்கு ஒரு விலை இருக்கிறது, அதை நாம் கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்பதனால் சொல்கிறோம்.

குற்றச்சாட்டைத் தெளிவாக வைத்துவிடுகிறோம். ஐம்பது ஆண்டுகளாகத் தமிழ்ச் சிற்றிதழ்கள் மார்க்ஸையும் நீட்ஷேயையும் ஹைடெக்கரையும் வால்டர் பெஞ்சமினையும் அடோர்னோவையும் விவாதித்து வந்திருக்கின்றன. எஸ்.வி. ராஜதுரையின் இருத்தலியம் பற்றிய நூலும் 'அந்நியமாதலும்' 1970களிலேயே வந்துவிட்டன. கோவையிலிருந்து ஞானியின் 'நிகழ்' வந்தது; பின்னர் 'நிறப்பிரிகை' வந்தது. அந்த உழைப்பை நாங்கள் குறைத்து மதிப்பிடவில்லை. அதனால் வளர்ந்தவர்கள் நாங்கள். ஆனால் இவ்வளவு ஜெர்மானியச் சிந்தனையாளர்களை வீட்டுக்குள் அழைத்து வந்த நாம், அவர்களுடைய வீடு எது என்று விசாரிக்கவில்லை. நவீன ஜெர்மனியின் அறிவுலகையும் அரசியலையும் தன் வாழ்நாள் ஆய்வாக எடுத்துக்கொண்டு, ஜெர்மன் மொழியில் மூல ஆவணங்களைப் படித்து, தமிழில் எழுதும் ஒரு வரலாற்றுப் பேராசிரியர் நம்மிடையே எங்கே? தத்துவம் வந்தது, கோட்பாடு வந்தது, மேற்கோள் வந்தது. வரலாறு மட்டும் வரவில்லை.

*

உடனே எழும் மறுப்பை நாங்கள் அறிவோம். பூட்டும் தோலும் புகையிலையும் செய்யும் ஊர்க்காரனுக்கு பிஸ்மார்க் எதற்கு? நம் வரலாறே முழுதாக எழுதப்படாமல் கிடக்கும்போது ஜெர்மன் வரலாறு ஆடம்பரம் அல்லவா?

இதற்கு விடையை எங்கள் ஊரிலிருந்தே சொல்கிறோம். 1792இல் திப்புவிடமிருந்து திண்டுக்கல் கம்பெனியின் கைக்குப் போனது. அதன் பிறகு பழனி மலையடிவாரப் பாளையக்காரர்களைத் திரட்டிப் போரிட்டவர் விருப்பாச்சி கோபால நாயக்கர். 1801இல் தூக்கிலிடப்பட்டார். நெடுங்காலம் அவர் வாய்மொழிக் கதையாக மட்டுமே இருந்தார். மதுரைப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் கே. ராஜய்யன், கம்பெனி ஆவணங்களுக்குள் ஆண்டுக்கணக்கில் புதைந்து கிடந்து, 1800-1801 தென்னிந்தியக் கிளர்ச்சியைப் பற்றி 1971இல் ஒரு நூல் எழுதினார். விருப்பாச்சியும் சிவகங்கையும் மலபாரும் மைசூரும் ஒரே கூட்டணியின் கண்ணிகள் என்பதை அந்த நூல் நிறுவிக் காட்டியது. கதை வரலாறானது. ஒரு தனிமனிதர் ஆவணக் காப்பகத்தில் செலவிடும் பத்தாண்டு ஒரு சமவெளியின் நினைவையே மாற்றிவிடும் என்பதைத் திண்டுக்கல்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சரி, அந்த உழைப்பு பெர்லின் பக்கம் திரும்பாததால் நாம் இழந்தது என்ன? மூன்று பேரைச் சொல்கிறோம்.

முதலாமவர் செண்பகராமன். 1891இல் திருவனந்தபுரத்தில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். 1934 மே மாதம் பெர்லினில் இறந்தவர். நம் மேடைகளில் அவர் எம்டன் கப்பலில் நின்று சென்னையைக் குறிபார்த்தவர். நாட்காட்டியைக் கையில் எடுத்தாலே இந்தக் கதை ஆட்டங்கண்டுவிடுகிறது. எம்டன் 1914 ஆகஸ்ட் தொடக்கத்தில் சீனக் கரையில் இருந்த சிங்தாவ் தளத்தை விட்டுக் கிளம்பிய கப்பல். அந்தக் கோடையில் செண்பகராமன் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் இந்திய ஆதரவுக் குழு ஒன்றை அமைத்துப் பத்திரிகை நடத்திக்கொண்டிருந்தார். அதன் பிறகுதான் பெர்லின் வந்து அங்கிருந்த இந்தியப் புரட்சியாளர் குழுவில் சேர்ந்தார். சூரிச்சில் இருந்தவர் சீனக் கடலில் புறப்பட்ட கப்பலில் எப்போது ஏறினார்? இந்த எளிய கேள்வியைக் கேட்க ஒருவரும் இல்லாததால் பாடநூல் சார்ந்த கட்டுரைப் போட்டிகள்வரை அந்தக் கதை பரவியிருக்கிறது.

ஹிட்லரை மன்னிப்புக் கேட்க வைத்தார் என்ற மற்றொரு கதையும் இதே தரத்தது. அந்த மன்னிப்புக் கடிதம் எந்தக் காப்பகத்தில், எந்தக் கோப்பில் இருக்கிறது என்று கேட்கும் பழக்கம் நமக்கில்லை. உண்மையான செண்பகராமன் இந்தக் கதாநாயகனைவிட ஆயிரம் மடங்கு சுவாரசியமானவர். காலனி ஆதிக்கத்துக்கு எதிரான ஒரு தமிழர், முதல் உலகப்போருக்குப் பின் ஜெர்மனியின் வலதுசாரித் தேசியவாத வட்டங்களோடு நெருங்கிப் பழகியது எப்படி? எந்த நம்பிக்கையில்? எந்த நிர்ப்பந்தத்தில்? வைமார் குடியரசின் கட்சி அரசியலை உள்ளிருந்து அறிந்த வரலாற்றாளர் மட்டுமே இதற்குப் பதில் சொல்ல முடியும். நாமோ சிலை வைத்தோம், விடையைத் தேடவில்லை.

இரண்டாமவர் எம்.பி.டி. ஆச்சாரியா. 1887இல் சென்னையில் பிறந்தவர். பாரதி ஆசிரியராக இருந்த 'இந்தியா' பத்திரிகையோடு புதுச்சேரியில் உழைத்தவர். பாரதி அன்பர்கள் எல்லோரும் அறிந்த மண்டயம் குடும்பத்தவர். லண்டன், பாரிஸ், பெர்லின், தாஷ்கண்ட் என்று அலைந்து, 1920இல் தாஷ்கண்டில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி தொடங்கப்பட்டபோது உடனிருந்து, பின்னர் அதிலிருந்து விலகி, பெர்லினில் ஆண்டுக்கணக்கில் அராஜகவாதியாக வாழ்ந்து, வறுமையில் 1954இல் பம்பாயில் இறந்தார். இவருடைய விரிவான வாழ்க்கை வரலாறு 2023இல் வெளிவந்தது. எழுதியவர் டென்மார்க்கைச் சேர்ந்த ஓலே பிர்க் லார்சன். அவருக்கு நம் நன்றி. ஆனால் பாரதியின் ஒவ்வொரு முகவரியையும் தேடித் தொகுத்த தமிழ் ஆய்வுலகம், பாரதியின் சகாவைப் பெர்லின் தெருக்களில் தொலைத்துவிட்டு ஒரு டேனியர் கண்டுபிடித்துத் தரும்வரை காத்திருந்தது என்பது பெருமைப்படும் செய்தியா?

மூன்றாவதாக நாம் சொல்வது பெரியாரை. 1931 இறுதியில் கப்பலேறி 1932இல் ஐரோப்பாவைச் சுற்றியவர் பெர்லினுக்கும் போனார். அதற்குச் சற்று முன் 1931 அக்டோபரில்தான் 'குடி அரசு' கம்யூனிஸ்ட் அறிக்கையின் தமிழ்ப் பகுதிகளை வெளியிடத் தொடங்கியிருந்தது. அவர் போன ஆண்டைக் கவனியுங்கள். 1932 ஜூலைத் தேர்தலில் நாஜிகள் 37 சதவீத வாக்கு வாங்கி முதற்கட்சியான ஆண்டு அது. தெருவெங்கும் கட்சிப் படைகள் மோதிக்கொண்டிருந்த நகரத்தில் நம் ஊர்ச் சுயமரியாதைக்காரர் எதைப் பார்த்தார், அவர் சந்தித்த ஜெர்மானியச் சுதந்திரச் சிந்தனையாளர்களுக்கு அடுத்த ஆண்டே என்ன நேர்ந்தது? பயணத்தைப் பற்றி நிறைய எழுதினோம். பயணம் போன இடத்தைப் பற்றி எழுதவில்லை.

இந்தியாவில் எவருமே இப்பணியைச் செய்யவில்லையா என்றால், செய்திருக்கிறார்கள். அஸ்ஸாமியரான நிரோத் பரூவா 1886 முதல் 1914 வரை ஜெர்மன் அரசு இந்தியாவை எப்படிப் பார்த்தது என்று 1977இல் ஒரு நூல் எழுதினார். 2004இல், பெர்லின் குழுவின் மையமாயிருந்த வீரேந்திரநாத் சட்டோபாத்யாயாவின் வாழ்க்கையை எழுதினார். சரோஜினி நாயுடுவின் தம்பியான சட்டோ 1937இல் மாஸ்கோவில் சுட்டுக்கொல்லப்பட்டவர். இரண்டு நூல்களுக்கு இடையே 27 ஆண்டுகள். ஜெர்மன் வெளியுறவுத் துறையின் கோப்புகளைப் படித்துக் கழிந்த வாழ்வு அது. அஸ்ஸாமிலிருந்து ஒருவர் போக முடிந்த தூரம், திண்டுக்கல்லிலிருந்து மட்டும் ஏன் எட்டாத தூரம் ஆனது?

*

இது கடந்தகாலத்துக் கணக்கு மட்டும் என்றால் நாங்கள் இவ்வளவு காட்டமாக எழுதியிருக்க மாட்டோம். நிகழ்காலத்துக் கணக்கும் இருக்கிறது.

நம் ஊர்ப் பேருந்து நிலையப் புத்தகக் கடைகளைப் பாருங்கள். நடைபாதைக் கடைகளைப் பாருங்கள். தன்னம்பிக்கை நூல்களுக்கும் சமையல் குறிப்புகளுக்கும் நடுவே ஹிட்லர் கிடக்கிறார். ஏழைச் சிறுவன், தோற்ற ஓவியன், உலகையே நடுங்கவைத்த தலைவன் என்று, ஏதோ வாழ்வில் முன்னேறிய மனிதரின் கதைபோல விற்கப்படுகிறார். போஸ் என்று பெயர் வைத்த ஓர் ஆளாவது இல்லாத ஊர் நம் சமவெளியில் அரிது. நேதாஜிக்கு உதவியவர் நமக்கு நண்பர் என்ற எளிய சூத்திரமும் இந்த விற்பனைக்குத் துணை நிற்கிறது.

ஹிட்லரின் நூலை வாங்குகிறவர்கள் அதைப் படித்திருந்தால் ஒன்று கண்டிருப்பார்கள். இந்திய விடுதலைக்காரர்களை ஏளனம் செய்து, இந்தியா வேறொருவர் கைக்குப் போவதைவிட ஆங்கிலேயர் கையில் இருப்பதையே தான் விரும்புவதாக அதில் ஹிட்லர் எழுதியிருக்கிறார். 1942 மே மாதம் போஸ் அவரை ஒரே ஒரு முறை நேரில் சந்தித்தபோது கேட்டது இந்திய விடுதலைக்கான பகிரங்க அறிவிப்பை. அது கிடைக்கவில்லை. போஸ் வெறுங்கையோடு திரும்பினார். அடுத்த ஆண்டு நீர்மூழ்கிக் கப்பலில் கிழக்கே போனார்.

'மக்கள் வாக்களித்துத்தானே ஆட்சிக்கு வந்தார்' என்று அடுத்த கேள்வி வரும். இதற்கு எண்களோடு பதில் சொல்லவேண்டியது வரலாற்றாளரின் வேலை. 1932 நவம்பரில் நாஜிகளின் வாக்கு 33 சதவீதமாகச் சரிந்திருந்தது. பெரும்பான்மை ஒருபோதும் கிடைக்கவில்லை. முதிய ஜனாதிபதி ஹிண்டன்பர்க்கைச் சுற்றியிருந்த பழமைவாதக் கனவான்கள், இந்த ஆளை நாம் ஆட்டிவைக்கலாம் என்று கணக்குப் போட்டு 1933 ஜனவரி 30 அன்று பதவியில் அமர்த்தினார்கள். மார்ச் 23 அன்று நாடாளுமன்றம் 444க்கு 94 என்ற வாக்கில் தன் அதிகாரத்தைத் தானே எழுதிக் கொடுத்தது. எதிர்த்து வாக்களித்த 94 பேரும் சமூக ஜனநாயகக் கட்சியினர். கம்யூனிஸ்ட் உறுப்பினர்கள் ஏற்கெனவே சிறையிலோ தலைமறைவிலோ இருந்தார்கள். ஜனநாயகம் எப்படிச் சாகிறது என்பதற்கு இதைவிடத் துல்லியமான பாடம் வேறில்லை. அந்தப் பாடத்தைத் தமிழில் சொல்ல ஆளில்லாத இடத்தில் பேருந்து நிலையக் கடை பாடம் நடத்துகிறது.

*

இலக்கிய வாசகர்களான நமக்கு இதைவிட நெருக்கமான ஒரு பாடமும் உண்டு. அதற்காகத்தான் ஃப்ரிட்ஸ் ஸ்டெர்ன் என்ற வரலாற்றாளரின் வாழ்வை இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறோம்.

ஸ்டெர்ன் 1926இல் பிரெஸ்லாவ் நகரில் பிறந்தார். இன்று அது போலந்தின் விரோட்ஸ்வாஃப். யூத வேர் கொண்ட மருத்துவர் குடும்பம். 1938இல், அவருடைய பன்னிரண்டாம் வயதில், குடும்பம் அமெரிக்காவுக்குத் தப்பியது. மாணவராக நுழைந்த கொலம்பியா பல்கலைக்கழகத்திலேயே பேராசிரியராகி, தன்னை விரட்டிய தேசத்தின் வரலாற்றைப் படிப்பதிலேயே வாழ்நாளைக் கழித்தார். பிஸ்மார்க்கையும் அவருடைய யூத வங்கியாளர் பிளைக்ரோடரையும் பற்றிய அவருடைய பெருநூல் 1977இல் வந்தது. 2016இல் மறைந்தார்.

1961இல் வந்த 'பண்பாட்டு விரக்தியின் அரசியல்' என்ற நூல்தான் நாம் படித்தாகவேண்டியது. அதில் அவர் ஹிட்லரை எழுதவில்லை. ஹிட்லருக்கு முன்னால் வந்த மூன்று எழுத்தாளர்களை எழுதினார்: கீழைமொழிப் பேரறிஞர் பால் டி லகார்ட், ரெம்ப்ராண்டை ஆசானாக்கி 1890இல் பெயர் போடாமல் ஒரு நூல் வெளியிட்டு நாட்டையே வாங்கிப் படிக்கவைத்த யூலியுஸ் லாங்பென், தஸ்தயேவ்ஸ்கியின் ஜெர்மன் பதிப்பை நடத்தியவரும், 1923இல் 'மூன்றாம் ரைக்' என்று தன் நூலுக்குப் பெயரிட்டவருமான மோல்லர் வான் டென் புரூக். இவர்கள் மூவரும் இலக்கியவாதிகள், நம்மைப் போன்றவர்கள். பண்பாடு சீரழிகிறது, நகரம் ஆன்மாவைத் தின்கிறது, கட்சிகள் எல்லாம் கயவர் கூடாரம், பழைய பொற்காலத்தின் தூய்மைக்குத் திரும்பவேண்டும் என்று உண்மையான வேதனையோடு எழுதியவர்கள். அவர்கள் கொலைகாரர்கள் அல்லர். ஆனால் அவர்களுடைய புலம்பல், படித்த நடுத்தர வர்க்கத்தை ஒரு மீட்பருக்காகக் காத்திருக்கப் பழக்கியது. மீட்பர் வந்தபோது அவர்களின் வாசகர்கள் வாசல் திறந்துவைத்திருந்தார்கள்.

1969இல் ஃப்ரிட்ஸ் ரிங்கர் எழுதிய ஜெர்மன் பேராசிரியர்களைப் பற்றிய நூலும் இதன் மறுபாதி. 1890க்கும் 1933க்கும் இடையில், தாங்கள் கட்சி அரசியலுக்கு மேலானவர்கள், பண்பாட்டின் காவலர்கள் என்று நம்பிய பல்கலைக்கழக மேதைகள், அரசியலைச் சாக்கடை என்று ஒதுக்கியதன் வழியாகவே அதைச் சாக்கடைக்காரர்களிடம் ஒப்படைத்த கதை அது. ஹைடெக்கர் 1933இல் ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்தின் தலைமையை ஏற்று நாஜிக் கட்சியில் சேர்ந்ததை இந்தப் பின்னணியில் வைத்தால் அது ஒரு தத்துவஞானியின் தனிப்பட்ட சறுக்கலாகத் தெரியாது. ஒரு வர்க்கத்தின் பழக்கமாகத் தெரியும். 2014 முதல் வெளிவரத் தொடங்கிய அவருடைய கறுப்புக் குறிப்பேடுகள் அதை மேலும் உறுதி செய்தன. நம் சிற்றிதழ்களில் ஹைடெக்கர் மொழியைப் பற்றிச் சொன்னது வந்த அளவுக்கு இது வந்ததா?

இனி நம் இலக்கியக் கூட்டங்களை நினைத்துப் பாருங்கள். நாங்கள் பெயர் சொல்லப் போவதில்லை; அவசியமும் இல்லை. 'எல்லாக் கட்சியும் ஒன்றுதான்', 'நம் பண்பாடு அழிந்துகொண்டிருக்கிறது', 'ஒரு கண்டிப்பான ஆள் வந்தால்தான் சரிப்படும்' என்ற மூன்று வாக்கியங்களும் ஒரே மாலையில், ஒரே மேடையில் ஒலிப்பதை நாம் கேட்டிருக்கிறோம். கைதட்டியும் இருக்கிறோம். இந்த மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை ஒரு சமூகம் முழுமையாகப் பரிசோதித்துப் பார்த்துவிட்டது. அந்தப் பரிசோதனையின் குறிப்புகள் ஜெர்மன் மொழியில் இருக்கின்றன. தமிழ்நாடு வைமார் ஜெர்மனி என்று நாங்கள் சொல்லவில்லை. அது சோம்பேறித்தனமான ஒப்பீடு. ஒப்பீடு எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்று தீர்மானிக்கவே ஆள் வேண்டும் என்கிறோம்.

*

இது ஐரோப்பிய மையவாதம் என்பார்கள் சிலர். 1706இல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கிய நாள் முதல் ஜெர்மானியர்கள் தமிழைப் படிக்கிறார்கள். கார்ல் கிரௌல் படித்தார். கொலோன் பல்கலைக்கழகத்தில் தமிழ் நூலகமே உருவாயிற்று. அந்தத் தமிழ்த் துறை மூடப்படும் நிலை வந்தபோது தமிழ்நாடு அரசு நிதி தந்து காக்க முன்வந்தது. உலகத் தமிழர்களும் கைகொடுத்தார்கள். நல்லது. ஆனால் ஒரு ஜெர்மானியர் தமிழைப் படிக்கவேண்டும் என்று உண்டியல் குலுக்கும் நாம், ஒரு தமிழர் ஜெர்மனியைப் படிக்கவேண்டும் என்று எப்போதாவது குரல் எழுப்பினோமா? அவர்கள் ஆராய்கிறவர்கள், நாம் ஆராயப்படுகிறவர்கள் என்ற ஏற்பாட்டை மனமார ஒப்புக்கொண்டிருப்பதுதான் உண்மையான ஐரோப்பிய மையவாதம்.

ஆங்கிலத்தில் எல்லாம் கிடைக்கிறதே என்பார்கள். காஃப்காவின் 'விசாரணை'யை ஏ.வி. தனுஷ்கோடி ஜெர்மனிலிருந்தே நேராகத் தமிழாக்கியபோது நமக்குக் கிடைத்த வேறுபாட்டை உணர்ந்தவர்கள் இந்த வாதத்தை எழுப்பமாட்டார்கள். ஆவணம் இன்னும் கடினம். முதல் உலகப்போர்க் காலத்துக் கோப்புகளில் பல, குர்ரென்ட் என்னும் பழைய கையெழுத்தில் உள்ளவை. தனியே பயின்றாலொழிய இன்றைய ஜெர்மானியருக்கே அது விளங்காது. ஓலைச்சுவடி படிக்கப் பயில்வதைப் போன்ற வேலை. அதை எந்த மொழிபெயர்ப்பும் நமக்காகச் செய்துவைக்காது.

ஜெர்மன் கற்க ஆளில்லை என்பதும் இனி பொய். செவிலியர் வேலைக்கும் பொறியியல் மேற்படிப்புக்கும் ஜெர்மன் கற்கும் பிள்ளைகள் நம் மாவட்டங்களில் பெருகிவருகிறார்கள். 400 கிலோமீட்டர் தாண்டிச் சென்னை மாக்ஸ் முல்லர் பவனுக்குத்தான் போகவேண்டும் என்ற நிலையும் இணைய வகுப்புகளால் மாறிவிட்டது. அவர்களில் நூற்றில் ஒருவருக்கு வரலாற்றில் ஆசை வந்தால் போதும். ஆனால் அந்த ஒருவர் நம் கல்லூரியின் வரலாற்று வகுப்பில் என்ன காண்கிறார்? ஐரோப்பிய வரலாறு என்ற தாள் ஒன்று இருக்கிறது. இரும்பும் இரத்தமும், வெர்சாய் உடன்படிக்கை, ஹிட்லரின் எழுச்சிக்கான காரணங்கள் பத்து மதிப்பெண்ணுக்கு. கையேட்டில் மனப்பாடம், தேர்வறையில் வாந்தி. அந்தத் தாளை ஆய்வுக்கான வாசலாக யாரும் காட்டுவதில்லை. தாண்டிப்போகும் வேலியாகவே வைத்திருக்கிறோம்.

எங்கள் கோரிக்கை பெரிதல்ல. வரலாற்று முதுகலையில் ஒரு நவீன அயல்மொழியைக் கட்டாயமாக்க வேண்டும். ஐரோப்பிய வரலாற்றில் முனைவர் பட்டம் செய்யவரும் மாணவரை 'வட்டார வரலாறு எடு, சீக்கிரம் முடியும்' என்று திருப்பி அனுப்பும் வழக்கத்தை நெறியாளர்கள் கைவிட வேண்டும். கொலோனுக்குக் கொடுத்த மனம், தமிழ் மாணவர் ஒருவர் ஐந்தாண்டு பெர்லின் காப்பகத்தில் உட்கார ஓர் உதவித்தொகை ஏற்படுத்த வேண்டும். சிற்றிதழ்கள் அடுத்த ஹைடெக்கர் கட்டுரைக்கு முன் ஸ்டெர்னின் ஓர் அத்தியாயத்தையாவது உரிய அனுமதியோடு தமிழில் தர வேண்டும்.

ராஜம் ஐயரையும் பி.எஸ். ராமையாவையும் 'எழுத்து' நடத்திய சி.சு. செல்லப்பாவையும் தந்தது வத்தலக்குண்டு. உலக இலக்கியத்தை அளந்து பார்க்கும் துணிவு அந்தச் சின்ன ஊருக்கு இருந்தது. கையிலிருந்த பணத்தை இழந்தும் செல்லப்பா 1959இல் இதழைத் தொடங்கியபோது, 'இந்த ஊருக்கு விமர்சனம் எதற்கு' என்று கேட்டவர்களும் இருந்திருப்பார்கள். இன்று அதே கேள்வியை வரலாற்றைப் பார்த்துக் கேட்கிறவர்கள் நாமாக இருக்கக்கூடாது.